வாயும் வயிறும்

இரட்டையா என்று கேட்டாள் சூப்பர்வைசர் நாகரத்னம்மா.
ஏழாம் மாதத்திலேயே அப்படி ஒரு வயிறு.
மெஷினுக்கும் எனக்கும் நடுவே இடம் போதாமல்
ஸ்டூலைத் தள்ளிப் போட்டு
கையை நீட்டித் தைத்தேன்,
பொம்மனஹள்ளியில், மூன்றாம் லைனில்,
எந்த தேசத்துக் குழந்தைகளுக்கோ உடுப்பு.

அது பிள்ளை இல்லையாம். தண்ணீர்.
உள்ளே இருந்தவள் குடிக்க முடியாமல் விட்ட தண்ணீர்.

எட்டாம் மாதமே வந்துவிட்டாள்.
ஆயிரத்து நானூற்று அறுபது கிராம்.
நாங்கள் தைப்பதில் ஆகச் சிறிய அளவுகூட
அவளுக்குத் தொளதொள.
மணிக்கட்டில் பட்டை: பேபி ஆஃப் மாதேஸ்வரி.
வாயோரம் நுரை. துடைத்தால் மறுபடி நுரை.
உள்ளே விட்ட குழாய்
பாதி வழியில் சுருண்டு திரும்பியதை
எக்ஸ்ரேயில் காட்டினார்கள்,
பாபினில் சிக்கிய நூல் மாதிரி.

மேலே இருப்பது முட்டுச்சந்து.
கீழே இருப்பது போய்ச் சேர்ந்திருப்பது மூச்சுக்குழலில்.
தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு
என்பார்கள் எங்கள் பக்கம், கடன் கேட்டுப் போனால்.
இவளுக்கு
இவள் வாயே வேறு, இவள் வயிறே வேறு.

எடை குறைவு என்பதால் கையெழுத்து நிறைய.
கன்னடத்தில் ஒன்று, இங்கிலீஷில் மூன்று.
திம்மராயன் போட்ட நாலாவது
காகிதத்தைக் கிழித்துவிட்டது.

டாக்டர் பெல்லியப்பா நல்ல உயரம். விரல்கள் மட்டும் சின்னது.
எஷ்டு ஹொலிகே, என்று கேட்டேன்.
இதை யாரும் கேட்டதில்லை போல. நின்றாள்.
ஏழு. எட்டாகலாம்.
அங்குலத்துக்கா?
சிரிக்கவில்லை அவள். மொத்தச் சுற்றுக்குமே அவ்வளவுதான் என்று
தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.
இழுத்துத் தைக்காதீங்க மேடம், பிரிஞ்சிடும்.
எனக்கும் அதுதான் பயம் என்றாள்.

நாலு மணி நேரம்.
குடிக்க ஆளில்லாத பாலுக்கும் கடிகாரம் தெரிகிறது.
எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சினேன்.
பக்கத்துத் தொட்டில் பையனுக்குக் கொடுக்கட்டுமா
என்று கேட்டாள் சிஸ்டர். கொடு என்றேன்.
பாலாடையில் அவன் சப்புக்கொட்டியது
கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்டது.
அந்த நிமிஷம் நான் நல்லவளாக இல்லை.

ஏழாம் நாள் மருந்து விட்டுப் படம் எடுத்தார்கள்.
தையலோரம் கசிவு. மயிரிழை.
எங்கள் கம்பெனியில் என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி
பிரித்துத் தை என்று கூடையில் வந்து விழும்.
இங்கே பிரிக்க மாட்டோம், தொடக்கூட மாட்டோம்,
சதை தானே மூடும், காத்திரு என்றார்கள்.
பதினோரு வருஷம் தைத்திருக்கிறேன்.
ஒரு துணியும் எனக்கு அந்த உதவி செய்ததில்லை.

நெஞ்சிலிருந்து வந்த குழாயில்
கலங்கல். அப்புறம் வெளிர் மஞ்சள்.
அப்புறம் ஒரு காலையில் ஒன்றுமே இல்லை.

பத்தொன்பதாம் நாள்
எச்சில் உறிஞ்சும் மெஷினை அணைத்தாள் சிஸ்டர்.
அந்தக் கரகரப்பில்தான் இத்தனை நாள் தூங்கி எழுந்திருக்கிறேன்;
அது நின்றதும் வார்டு பெரிதாகிவிட்டது.
நுரை வரும் என்று துணியோடு நின்றேன்.
வரவில்லை.
கழுத்தில், தோலுக்கு அடியில், ஏதோ ஒன்று
ஏறி இறங்கியது.
அவள் எச்சில். அவளே விழுங்கினாள்.
அப்போதுதான் தெரிந்தது
என் வாயில் ஊறியிருந்ததை
நான் விழுங்காமலே நிற்கிறேன் என்று.

தையல் போட்ட இடம் பின்னால் சுருங்கலாம்,
விரிக்க வர வேண்டியிருக்கும் என்று
சீட்டில் எழுதியிருக்கிறார்கள்.
இருக்கட்டும்.
அதற்கு மேல் வரியில் இருக்கிறது:
நாளைக்கு, தாய்ப்பால், இரண்டு மில்லி.